அஞ்சு கலர் பேனாவும் ஒரு அரியரும்

ஏலே பேராண்டி, "படிக்க மூட் வரமாட்டேங்கு தாத்தா"ன்னு காலையில சொன்னியே, அந்த மூட் எந்த பஸ்ல வருதுன்னு மட்டும் சொல்லு. ஸ்டாப்புல போய் நின்னு நானே கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துருதேன். கோவில்பட்டியில இருந்து வார பஸ்ஸெல்லாம் வந்து திரும்பிப் போயிருச்சு, அது மட்டும் இறங்கக் காணோம். மூட்டு வலிதான் இறங்குச்சு. அதுவும் எனக்கு.

ஸ்டடி லீவுன்னு வந்து இறங்கினதுல இருந்து உன் படிப்பத் திண்ணையில இருந்தே பாத்துக்கிட்டுதான் இருக்கேன். குத்தம் சொல்லக்கூடாது, ஏற்பாட்டுல உன்ன மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு சார்ட் பேப்பரு, ஒரு ஸ்கேலு, அஞ்சு கலர் பேனா. முதல் யூனிட்டுக்குச் செவப்பு, ரெண்டாவதுக்கு நீலம், இப்படியே அஞ்சுக்கும் அஞ்சு. ஓய்வுக்கு எந்தக் கலர்னு மட்டும் அரை மணி நேரம் யோசிச்ச. 'காலை 6 மணி, முதல் யூனிட்'னு கோட்டுக்குள்ள முத்து முத்தா நீ எழுதையில கடியாரத்துல மணி 11. ஆறு மணிதான் போயிருச்சே, அரைகுறையா ஆரம்பிச்சா நல்லாருக்காதுன்னு, "நாளையில இருந்து"ன்னு மேல ஒரு வரி எழுதின பாரு, அந்த வரிக்கு மட்டும் அஞ்சு கலரும் போட்ட.

பெறவு ஜெராக்ஸையெல்லாம் அடுக்கின. ஒயர் பெட்டியத் தேடின. காத்து மூஞ்சியில அடிக்குன்னு ஃபேனத் திருப்பி வச்ச. போன்ல சார்ஜ் 62 இருந்துச்சு, 100 ஆகட்டும்னு குத்த வச்சுக் காத்திருந்த. இம்புட்டும் முடியையில படிச்சு முடிச்சவனுக்கு வார களைப்பு உனக்கு வந்துருச்சு. உங்க ஆச்சி பாவம், "புள்ள படிச்சுப் படிச்சு வாடிப் போச்சே"ன்னு கருப்பட்டிக் காப்பி போட்டு நீட்டினா. குடிச்சிட்டுச் சாஞ்சவன், விளக்கு வைக்கையிலதான் எந்திரிச்ச.

நீ தூங்கினாலும் உன் போன் தூங்கலலே. மனசுக்கு உரம் ஏத்துத வீடியோ ஒண்ணு போட்டுட்டுத்தான சாஞ்ச? ஒண்ணு முடிஞ்சா அடுத்தது அதுவா ஓடுச்சு. "எந்திரி, உலகம் உனக்காகக் காத்திருக்கு"ன்னு ஒருத்தன் தொண்ட கிழியக் கத்துதான். நீ குறட்ட விடுத. கத்துதவன் மனசு நோகக்கூடாதேன்னு நான் உக்காந்து கேட்டேன். மூணு சங்கதி தேறுச்சு. உன் டேட்டாவுல நான் படிச்ச படிப்பு இது, கேட்டுக்க.

முதல் ஆளு இத்தாலிக்காரன், பிரான்செஸ்கோ சிரில்லோன்னு பேரு. 1980-கள்ல காலேஜுல படிக்கையில உன்ன மாதிரியே புத்தகத்துல மனசு நிக்காமத் தவிச்சிருக்கான். தக்காளி உருவத்துல இருக்கிற அடுப்படிக் கடியாரம் ஒண்ண எடுத்துத் திருகி வச்சுட்டு, அது மணி அடிக்கிற வரைக்கும் எந்திரிக்கதில்லன்னு உக்காந்துட்டான். அதுவே பெறவு 25 நிமிசம் வேலை, 5 நிமிசம் ஓய்வு, நாலு வட்டம் போனா நீளமா ஒரு ஓய்வுன்னு உலகம் பூரா பரவிட்டுது. நீ அதுக்குன்னே ஒரு ஆப்ப இறக்கி, மணி அடிக்கிற சத்தத்துக்கு ஒம்பது மெட்டு கேட்டுப் பாத்து, கடைசியில அந்த 5 நிமிசத்துல இருந்து ஆரம்பிச்ச. 25 இன்னும் வரவே இல்ல.

இதுல ஒண்ணு கவனி. அந்த இத்தாலிக்காரன் மூட் வந்த பெறவு கடியாரத்தத் திருகல. அது வரமாட்டேங்குன்னுதான் திருகியிருக்கான்.

இந்தக் கார்த்திகையில நம்ம உளுந்துக்காட்டுக்குக் களை வெட்ட உங்க ஆச்சி போறாளே, வரப்புல நின்னுக்கிட்டு "மனசு வருதா"ன்னு என்னைக்காவது கேட்டுப் பாத்திருக்காளா? ஆளுக்கொரு நெறை பிடிச்சு இறங்குவாளுக. கண்ணு காலடியிலதான் இருக்கும். ஒருத்தி நிமுந்து மொத்தக் காட்டையும் பாத்துட்டான்னு வையி, வெட்டாத களைக்கும் சேத்து இடுப்பு இப்பமே வலிக்க ஆரம்பிச்சுரும். பாதி நெறை போன பெறவுதான் கை சூடு பிடிக்கும், வாயில கதை வரும், சிரிப்பு வரும். நீ சொல்லுத மூட் அதுதாம்லே. அது காட்டுக்குள்ள இருக்கு. நீ வரப்புல உக்காந்து வழி பாத்துக்கிட்டு இருக்க. அஞ்சு யூனிட்டையும் பரப்பி வச்சு மலைக்காத. ஒரு தலைப்பு, ஒரு கணக்கு, அதோட வரப்புக்கு வா, தண்ணி குடி, அடுத்ததுல இறங்கு.

"உமக்கென்ன தாத்தா, எனக்குள்ள சோலி உமக்குத் தெரியுமா"ன்னு மொறைக்காத. தெரியும். அஞ்சாவது செமஸ்டருன்னா லேசில்ல. தியரி பேப்பரு ஒரு பக்கம், லேபு ஒரு பக்கம். அப்சர்வேஷன்ல எழுதினதயே ரெக்கார்டுல இன்னொருக்க எழுதணும். 2022-ல அரசாங்கம் கொண்டாந்த நான் முதல்வன் வகுப்பு வேற. பிளேஸ்மென்ட்டுக்குன்னு ஆப்டிட்யூட் பயிற்சி வேற. காலேஜு பஸ்ஸுல போக வர ஆகுற நேரத்த எந்தக் கணக்குலயும் சேக்கமாட்டாவ. இவ்வளவையும் ஒருத்தன் தலையில வச்சா கழுத்து வலிக்கத்தான் செய்யும். சோலி கூடுதல்ங்கிறதுல நமக்குள்ள சண்ட இல்ல. எல்லாச் சோலியையும் ஒரே எடையா நெனச்சு எதையும் தூக்காம நிக்கியே, அங்கதான் எனக்குச் சிரிப்பு வருது.

போன மாசம் ராத்திரி ஒரு மணி வரைக்கும் உக்காந்து ரெக்கார்டு எழுதினல்லா? கூட்டாளி ரெக்கார்ட முன்னால வச்சு வரிக்கு வரி, படத்துக்குப் படம் எறக்கின. இன்டெக்ஸ் பக்கம், தேதி, பக்க எண்ணு எல்லாம் சுத்தம். அவன் ரோல் நம்பரையும் சேத்து எறக்கினியே, அதத்தான் உங்கப்பன் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கான். கை ஓடுது, புத்தி தூங்குது. அந்தச் சோதனைய லேபுல செஞ்ச அன்னைக்குச் சாயங்காலமே எழுதியிருந்தா அரை மணி நேரம். பத்துச் சோதனைய ஒரே ராத்திரியில வச்சா அது படிப்பில்லலே, எழுத்துக்கூலி.

வா, உங்க அண்ணா பல்கலைக்கழகத்துக் கணக்கயே பாப்போம். கூட்டுறவுச் சங்கத்து நகைக்கடன் வட்டியப் பைசா சுத்தமாப் பாத்த மூளை இது. உன் 2021 ரெகுலேஷன்படி தியரி பேப்பருக்கு இன்டெர்னல் 40, செமஸ்டர் பரீட்சைக்கு 60. ரெண்டும் சேந்து 50 வேணும். அதோட, நூத்துக்கு எழுதி 60-க்குச் சுருக்குற அந்தப் பரீட்சையில மட்டும் நூத்துக்கு 45-ஆவது இருக்கணும். இப்பம் மூணு பேர எடுத்துக்க. இன்டெர்னல்ல 32 வச்சிருக்கிறவன் பரீட்சையில 45 எடுத்தாலே கரையேறிருவான். 20 வச்சிருக்கிறவனுக்கு 50 வேணும். 12 வச்சிருக்கிறவன் 64 எடுத்தாத்தான் தப்பிப்பான். நீ "அதெல்லாம் சும்மா அசைன்மென்ட்டு"ன்னு தள்ளி விட்டியே, அது பரீட்சை ஹால்ல வந்து 19 மார்க்க உன் தலைமேல ஏத்தி வச்சிருக்கு. நடுராத்திரிப் படிப்புல 19 மார்க் சம்பாதிக்கிறது செரமம். அசைன்மென்ட்டத் தேதிக்குக் கொடுக்கிறது சுளுவு. சோம்பேறியாவே இருக்கணும்னு ஆசப்பட்டாலும் கணக்குத் தெரிஞ்ச சோம்பேறியா இரு.

இன்னும் இருக்கு. கேள்வித்தாள்ல ரெண்டு மார்க்குக் கேள்வி பத்து, 13 மார்க்குக் கேள்வி அஞ்சு, 15 மார்க்குக் கேள்வி ஒண்ணு. வழக்கமா ஒவ்வொரு யூனிட்டுல இருந்தும் ரெண்டு சின்னது, ஒரு பெருசு. ஆக, யூனிட்டுக்கு 17. மூணு யூனிட்டு முழுசாத் தெரிஞ்சா 51. உடனே மூஞ்சி மலருது பாரு! திருத்துதவரு முழு மார்க்கு உங்க ஆச்சி மாதிரி அள்ளிப் போடமாட்டாரு, அதனால நாலுன்னு வச்சுக்க. அஞ்சையும் முனைக்கு முனை கடிச்சு வைக்கிறவன விட, நாலு யூனிட்ட உருப்படியாப் படிச்சு, அஞ்சாவதுல ரெண்டு மார்க்குக் கேள்விகள மட்டும் பாத்துட்டுப் போறவன் பிழைச்சுக்கிடுவான். இது பிழைக்க வழி. பேரு வாங்கணும்னா அஞ்சும் படி, யாரு தடுத்தா?

வருகைப்பதிவு 75 வேணும்னு கவலப்படுத. அதுக்காக நீ என்னயக் கொன்ன கதையும் என் காதுக்கு வந்துட்டுது. தாத்தா இறந்துட்டாருன்னு ஒரு தடவ, தாத்தாவுக்குப் பதினாறாம் நாளுன்னு ஒரு தடவ. இன்னொரு தடவ தேவப்பட்டா திதின்னு சொல்லு. திரும்பச் சாகடிச்சா வாத்தியாருக்குச் சந்தேகம் வந்துரும்.

இப்பம் உன் அரியருக்கு வருவோம். மூணாம் வருசம் படிக்கிறவனுக்கு முதல் வருசத்துப் பாக்கி ஒண்ணு கிடக்கு. கணக்கா இருந்தாலும் பரவாயில்ல. 'தமிழரும் தொழில்நுட்பமும்'! சம்சாரி வீட்டுல பொறந்துட்டு அதுல போயி விழுந்திருக்கியே, உன்ன என்னன்னுலே சொல்ல? நேத்து என்ன செஞ்ச? ஜெராக்ஸ மூஞ்சிக்கு நேர பிடிச்சுக்கிட்டு, "குமிழித் தூம்பு என்பது சோழர் காலத்து"ன்னு முன்னயும் பின்னயும் ஆடி ஆடிச் சொன்ன. பேப்பரப் பிடுங்கிட்டுக் கேட்டேன்: "தண்ணி எங்கன நுழையும்? சகதி எங்கன போகும்?" முழிச்ச பாரு, அந்த முழிக்கே அரை மார்க்கு போடலாம்.

பெறவு திண்ணைக்கு முன்னால மண்ணுல குச்சிய வச்சுக் கோடு போட்டோம். இது கரை. கரையத் தள்ளி கம்மாய்க்குள்ள ஒரு கல்தொட்டி. தொட்டி மேல ஒரு துளை, அது நீரோடி. அடியில துளைக, அது சேறோடி. மேல மூடியிருக்கிற கல்லத் தூக்கினா தெளிஞ்ச தண்ணி நீரோடி வழியா இறங்கி, கரைக்கு அடியில போட்டிருக்கிற கால்வாய் வழியாக் காட்டுக்குப் போகும். அடியில தங்குற வண்டலு சேறோடி வழியாக் கலங்கிக்கிட்டுத் தண்ணியோடயே வெளியேறிரும். கம்மாய் தூந்து போகாது, வண்டலு வயலுக்கு எருவாவும் ஆச்சு. அம்புட்டுதான். செத்த நேரந்தான் ஆச்சு. பேப்பரு இல்லாமலே ஒரு பக்கம் எழுதிட்ட. படமும் போட்ட. அதுல யாரு உன்ன ஃபெயிலாக்குவா?

வீடியோவுல நான் பிடிச்ச மத்த ரெண்டு சங்கதியும் இங்கதான் பொருந்துது. ஜெர்மனியில எபிங்காஸ்னு ஒரு ஆளு, 1885-ல புத்தகம் போட்டவரு. அர்த்தமே இல்லாத எழுத்துக் கோர்வைகளத் தானே மனப்பாடம் பண்ணி, எம்புட்டு மறக்குன்னு தன்னயே சோதிச்சுப் பாத்திருக்காரு. ஒரு மணி நேரத்துக்குள்ளயே பாதிக்கு மேல நழுவிருச்சாம். அர்த்தம் இல்லாம உருப் போட்டா அவருக்கே அந்தக் கதி, உனக்கு என்ன மிஞ்சும்? இன்னொண்ணு அமெரிக்காவுல ரோடிகரு, கார்ப்பிக்குன்னு ரெண்டு பேரு, 2006-ல வெளியிட்டது. காலேஜுப் புள்ளைகளக் கூட்டம் கூட்டமாப் பிரிச்சு, ஒரு கூட்டத்த அதே பாடத்தத் திரும்பத் திரும்பப் படிக்க விட்டாவ. இன்னொரு கூட்டத்தப் படிச்சத மூடி வச்சுட்டு நெனப்புல இருந்து எழுத விட்டாவ. அஞ்சு நிமிசம் கழிச்சுக் கேட்டா, திரும்பத் திரும்பப் படிச்சவுகதான் கெத்து. ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா, மூடி வச்சு எழுதினவுகதான் ஜெயிச்சிருக்காவ. பரீட்சை உனக்கு அஞ்சு நிமிசத்துலயா நடக்கப்போகுது?

அதனால படிச்சத உங்க ஆச்சிகிட்டச் சொல்லு. இஞ்சினீயரிங் அவளுக்கு என்ன தெரியும்னு இளக்காரமா நெனைக்காத. "அது எதுக்கு?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேப்பா. அதுக்கு உனக்குப் பதில் வரலன்னா அந்தத் தலைப்ப நீ இன்னும் படிக்கலன்னு அர்த்தம். காலேஜுல இருக்கையில கூட்டாளிக்குச் சொல்லிக் கொடு. லேபுக்கு வராதவனுக்குப் பாடம் நடத்துதவன் அரியர் வச்சு நான் பாத்ததில்ல.

அந்தக் கூட்டாளிகளப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். ராத்திரி பதினோரு மணிக்கு உங்க வாட்ஸ்அப் குரூப்புல ஒருத்தன் கேக்கான், "மச்சான், எம்புட்டு முடிச்சீங்க?" வரிசையாப் பதில் வருது: "புக்கயே தொடல", "நானும்டா", "எல்லாரும் சேந்து போவோம்". உனக்கு ஒரே ஆறுதலு, போர்வைய இழுத்து மூடிட்ட. சூதானமாக் கேட்டுக்க பேராண்டி: முதல்ல "தொடல"ன்னு சொன்னவன் மூணு யூனிட்டு முடிச்சிட்டு, மூச்சு வாங்குததுக்குப் போன எடுத்தவன். ரிசல்ட்டு அன்னைக்கு ஒம்பது பாயிண்டுக்கு மேல வாங்கிட்டு, "எப்படின்னே தெரியல மச்சான்"னு அதே குரூப்புல எழுதுவான். படிக்க உக்காந்தா போன அடுப்படியில ஆச்சிகிட்டக் குடுத்துரு. யாரு கூப்பிட்டாலும் "அவன் படிக்கான்"னு ஊருக்கே கேக்குற மாதிரி சொல்லுவா. அந்த மானத்துக்காகவாவது நீ படிச்சுத்தான் ஆகணும்.

நைட் அவுட் போட்டுப் படிக்கப்போறேன்னு பெரும பேசாத. ராத்திரி பூரா முழிச்சு, விடியக்காலம் ரெண்டு டீ குடிச்சு, ஹால்ல போயி கேள்வித்தாள ரெண்டு ரெண்டாப் பாக்கிறதுல என்ன வீரம்? தூங்கையிலதான் படிச்சது மண்டையில பதியுதுன்னு டாக்டருமாரு சொல்லுதாவ. பகல்ல என் திண்ணையில தூங்குத தூக்கத்த ராத்திரிக்கு மாத்து, பாதி சோலி முடிஞ்சுது.

நையாண்டிய ஒரு ஓரமா வச்சுட்டு ஒண்ணே ஒண்ணு. படிக்கப் பிடிக்கலங்கிறது வேற, எதுவுமே பிடிக்கலங்கிறது வேற. சோறு இறங்காம, தூக்கம் வராம, யாருகிட்டயும் பேசத் தோணாம நாள் கணக்காப் போச்சுன்னா அது சோம்பல் இல்ல. அப்பம் என்ன மாதிரி கிழவன் கேலியக் கேட்டுக்கிட்டு இருக்காத. வீட்டுல சொல்லு. சொல்லக் கூச்சமா இருந்தா 14416-க்கு போன் போடு, டெலி மானஸ்னு அரசாங்கம் நடத்துத சேவை. எந்த நேரமும் எடுப்பாவ, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். ஒரு பேப்பரு போனா அடுத்த செமஸ்டருல எழுதிக்கிடலாம். பேரன் போனா எழுதிக்கிட முடியாது.

சரி, பழமொழி ஏதாவது சொல்லி முடிப்பேன்னு எதிர்பாக்காத. எல்லாத்தையும் உங்கப்பன் காலேஜு போகையிலயே சொல்லித் தீத்துட்டேன். அவனும் கேக்கல, ஆனா பாஸாயிட்டான்.

சார்ட்டுல எழுதினது எழுதினபடி இருக்கட்டும். எந்திரிச்சுப் போயி மூணாவது யூனிட்டுல முதல் தலைப்ப எடு. 25 நிமிசம். முடிச்சிட்டு வந்து மூட் வந்துச்சான்னு சொல்லு. வரலன்னாலும் ஒரு தலைப்பு முடிஞ்சிருக்கும்லா?